பல் கொட்டிப்போன வயதான பொமேரியன்: என்ன சாப்பாடு, எவ்வளவு, எப்படிக் கொடுக்கணும்?

தட்டு சத்தம் கேட்டதும் ஓடி வருகிறது. முகர்ந்து பார்க்கிறது. ஒரு வாய் கவ்வுகிறது, கீழே போடுகிறது, மறுபடியும் கவ்வுகிறது. பிறகு தட்டைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போய் மூலையில் படுத்துக்கொள்கிறது. 12, 13 வயது பொமேரியன் இருக்கும் வீடுகளில் இது பழகிப்போன காட்சி. "வயசாயிடுச்சுல்ல, பசி குறைஞ்சுடுச்சு" என்று வீட்டில் முடிவு செய்துவிடுகிறார்கள்.

பல நேரங்களில் அது பசிக் குறைவே இல்லை. பசி எடுத்துத்தான் தட்டுக்கு வந்தது. வாய் வலி தாங்காமல் திரும்பிப் போகிறது. பசி இல்லாத நாய் தட்டுப் பக்கமே வராது. வந்துவிட்டுத் திரும்பும் நாய்க்கு வாயைத் திறந்து பார்க்க வேண்டும். இந்த ஒரு வித்தியாசம் தெரிந்தாலே பாதிப் பிரச்னை பிடிபட்டுவிடும்.

சின்ன நாய்களுக்கு ஏன் சீக்கிரம் பல் போகிறது?

நாய்க்குட்டிக்கு 28 பால் பற்கள். வளர்ந்த நாய்க்கு 42 பற்கள். 40 கிலோ எடையுள்ள லாப்ரடாருக்கும் 42தான், 4 கிலோ எடையுள்ள பொமேரியனுக்கும் 42தான். தாடை சுருங்கிய அளவுக்குப் பற்களின் அளவு சுருங்கவில்லை. அதனால் சின்ன நாய்களின் வாயில் பற்கள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கின்றன. இடுக்குகளில் உணவுத் துணுக்கு தங்கும், பாக்டீரியா படலம் படியும், அது கெட்டியாகிக் காரையாகும். ஈறு வீங்கும், ஈறுக்கு அடியில் எலும்பு கரையும், கடைசியில் பல் ஆடும். 3 வயதைத் தாண்டிய நாய்களில் பெரும்பாலானவற்றுக்கு ஏதோ ஒரு கட்டத்தில் ஈறு நோய் இருக்கிறது என்பது கால்நடை பல் மருத்துவத்தில் எல்லோரும் ஒத்துக்கொள்ளும் விஷயம். சின்ன ரகங்களில் இது இன்னும் சீக்கிரம், இன்னும் கடுமையாக வருகிறது.

தமிழ்நாட்டில் 'பொமேரியன்' என்று அழைக்கப்படும் வெள்ளை நாய்களில் நிறைய உண்மையில் இந்தியன் ஸ்பிட்ஸ் வகை. பெயர் எதுவானாலும் வாய்க்குள் கதை ஒன்றுதான். பக், ஷிட்ஸூ, லாசா ஆப்ஸோ, டாக்ஸ்ஹண்ட் எல்லாம் இதே பட்டியலில் வரும்.

பிறவியிலேயே பல் குறைவாக உள்ள நாய்களும் உண்டு. 2017-ல் வெளிவந்த 'கோகோ' அனிமேஷன் படத்தில் நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டு திரியும் டான்டே என்ற நாய் நினைவிருக்கிறதா? அது மெக்சிகோவின் முடியில்லாத ஷோலோ இனம். முடி வளராமல் செய்யும் அதே மரபணு மாற்றம் பற்களையும் குறைத்துவிடும். வாய் ஓரத்தில் நாக்கைத் தடுத்து நிறுத்தப் பல் இல்லாததால் நாக்கு வெளியே தொங்குகிறது. கீழ்க் கோரைப்பல் போன பொமேரியனுக்கும் நாக்கு பக்கவாட்டில் தொங்குவது இதே காரணத்தால்தான். பார்க்கப் பாவமாக இருக்கும், ஆனால் அதனால் மட்டும் வலி கிடையாது.

பல்லே இல்லாமல் நாய் சாப்பிடுமா?

சாப்பிடும். நன்றாகவே சாப்பிடும். மனிதர்களை வைத்து யோசிப்பதால்தான் இந்தப் பயம் வருகிறது. நாம் சோற்றை அரைத்து, எச்சிலோடு கலந்து விழுங்குகிறோம். நம் எச்சிலில் மாவுச்சத்தைச் செரிக்கும் நொதி இருக்கிறது. நாயின் எச்சிலில் அது கிடையாது. நாயின் கீழ்த்தாடை பெரும்பாலும் மேலும் கீழுமாகத்தான் அசையும், மாடு மாதிரி பக்கவாட்டில் அசைபோடாது. கவ்வ, கிழிக்க, வெட்ட, விழுங்க. நாயின் பல்லுக்கு முக்கியமான வேலை இவ்வளவுதான். மிச்ச வேலை முழுக்க வயிற்றுக்குள் நடக்கிறது.

ஆகவே, கிழிக்கவும் வெட்டவும் வேண்டிய வேலையை நாம் கத்தியாலோ மிக்ஸியாலோ முன்பே செய்துகொடுத்துவிட்டால் பல் இல்லாத நாய்க்குச் செரிமானத்தில் பெரிய குறை வராது. நாக்கால் வாரி எடுத்து விழுங்கப் பழகிக்கொள்ளும்.

உண்மையான பிரச்னை பல் இல்லாத வாய் அல்ல. பாதி அழுகிய பல் உள்ள வாய். ஆடிக்கொண்டிருக்கும் பல், வேரில் சீழ் கட்டிய பல், உடைந்து நரம்பு தெரியும் பல். இவை இருக்கும்வரை எவ்வளவு மசித்துக் கொடுத்தாலும் நாய் தட்டைக் கண்டு தயங்கும்.

வலியைக் காட்டிக்கொள்ளாது, எப்படிக் கண்டுபிடிப்பது?

வாய் வலிக்காக நாய் கத்துவது அபூர்வம். வேறு வழிகளில் சொல்லும். தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துச் சாப்பிடும். ஒரு பக்கம் மட்டுமே மெல்லும். பிஸ்கட்டை வாங்கி, ஊறட்டும் என்பது போல வாயிலேயே வைத்திருக்கும். முன்னங்காலால் முகத்தைத் தேய்க்கும். தண்ணீர்க் கிண்ணத்தில் லேசாக இளஞ்சிவப்பு நிறம் தெரியும். முகத்தைத் தடவினால் விலகும். வாய் நாற்றத்தைப் பலர் "நாய்னா அப்படித்தான் இருக்கும்" என்று விட்டுவிடுகிறார்கள். அப்படி இல்லை. அழுகல் நாற்றம் வந்தால் உள்ளே ஏதோ அழுகுகிறது.

இரண்டு அறிகுறிகளை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். கண்ணுக்குக் கீழே திடீரென வீக்கம் வந்து, உடைந்து சீழ் வந்தால் பலர் கண் நோய் என்று நினைத்து சொட்டு மருந்து போடுகிறார்கள். அது மேல்தாடையின் நான்காவது முன்கடைவாய்ப் பல்லின் வேரில் கட்டிய சீழாக இருக்க வாய்ப்பு அதிகம். இன்னொன்று, சாப்பிட்டவுடன் தும்மல், ஒரு மூக்கில் மட்டும் சளி. மேல் கோரைப்பல்லின் வேர் மூக்குக்கு மிக அருகில் இருப்பதால் அங்கே எலும்பு கரைந்து வாய்க்கும் மூக்குக்கும் நடுவே ஓட்டை விழுந்திருக்கலாம். உணவே அந்த வழியாக மூக்குக்குள் போகும். இது சாப்பாட்டை மாற்றிச் சரியாகிற விஷயம் இல்லை.

"இந்த வயசுல மயக்க மருந்தா?"

கெட்ட பல்லை எடுக்க வேண்டும் என்று மருத்துவர் சொன்னதும் வீட்டில் எழும் முதல் கேள்வி இது. பயம் நியாயமானது. ஆனால் வயது மட்டுமே ஒரு நோய் அல்ல. முன்கூட்டியே ரத்தப் பரிசோதனை செய்து சிறுநீரகம், கல்லீரல் எப்படி இருக்கின்றன என்று பார்ப்பார்கள். இதயத்தில் முணுமுணுப்புச் சத்தம் கேட்டால் எக்ஸ்ரேவோ எக்கோவோ எடுப்பார்கள். அந்த முடிவுகளை வைத்துத்தான் முடிவெடுக்க வேண்டுமே தவிர, பிறந்த தேதியை வைத்து அல்ல. சென்னையில் இருப்பவர்களுக்கு வேப்பேரியில் 1903-ல் தொடங்கப்பட்ட சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை இருக்கிறது. மற்ற ஊர்களிலும் ரத்தப் பரிசோதனை, எக்ஸ்ரே வசதியோடு கூடிய மருத்துவமனையைத் தேடிப் போவது நல்லது.

எல்லா நாய்க்கும் இது பொருந்தாது என்பதும் உண்மை. இதயம் மிகவும் பலவீனமாக உள்ள நாய்க்கு ஆபத்து லாபத்தைவிட அதிகமாக இருக்கலாம். அப்போது வலி நிவாரணமும் மென்மையான உணவுமே வழி. இதை மருத்துவரோடு உட்கார்ந்து பேசித்தான் முடிவு செய்ய முடியும். வீட்டில் யாருக்கோ இருக்கும் பயத்தை வைத்து ஒத்திப்போட்டுக்கொண்டே போவது வேறு. அந்த நாட்கள் முழுக்க வலியைச் சுமப்பது நாய்தான்.

மயக்க மருந்தே இல்லாமல் பல் சுத்தம் செய்து தருகிறோம் என்று சில இடங்களில் சொல்வார்கள். மேலே தெரியும் காரை போகும், பல் வெள்ளையாகத் தெரியும், அவ்வளவுதான். நோய் இருப்பது ஈறுக்கு அடியில். அங்கே விழித்திருக்கும் நாய் கை வைக்க விடாது. அமெரிக்க கால்நடை பல் மருத்துவக் கல்லூரியும், உலக சிறு விலங்கு மருத்துவ சங்கமும் இந்த முறையை ஏற்பதில்லை.

தள்ளிப்போடுவதில் இன்னொரு ஆபத்தும் உண்டு. கீழ்த்தாடையின் முதல் கடைவாய்ப் பல்லின் வேர், சின்ன நாய்களில் தாடை எலும்பின் உயரத்தில் பெரும்பகுதியை அடைத்துக்கொண்டிருக்கும். அந்தப் பல்லைச் சுற்றி எலும்பு கரைந்தால் மிஞ்சுவது மெல்லிய விளிம்புதான். சோபாவிலிருந்து குதித்தாலே தாடை உடைந்துபோன சின்ன நாய்கள் உண்டு.

பல் எடுத்த பிறகு சுமார் 10 முதல் 14 நாட்கள் மிருதுவான உணவு மட்டும், கடிக்கும் பொம்மைகள் கூடாது என்பது வழக்கமான அறிவுரை. தையல் பெரும்பாலும் தானாகக் கரைந்துவிடும். இந்தக் கட்டத்தில் நிறைய பேருக்கு ஒரு ஆச்சரியம் காத்திருக்கும். பல மாதமாகத் தட்டைப் பார்த்துத் திரும்பிய நாய், மொத்தப் பல்லும் எடுத்த சில நாட்களில் தட்டை நக்கிச் சுத்தம் செய்யும்.

சரி, தட்டில் என்ன வைப்பது?

கடையில் வாங்கும் உலர் உணவு கொடுத்து வந்தவர்கள் அதையே தொடரலாம். ஊறவைத்தால் போதும். உலர் உணவின் அளவுக்குச் சமமாக வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றி 15 முதல் 20 நிமிடம் மூடி வைக்க வேண்டும். கொதிக்கிற தண்ணீர் வேண்டாம், சில வைட்டமின்கள் வெப்பத்தில் வீணாகும். நேரத்தைவிட விரல் சொல்வதுதான் கணக்கு. ஒரு உருண்டையை எடுத்து நசுக்கினால் நடுவில் கடினமான பொட்டு இல்லாமல் மசிய வேண்டும். சின்ன ரகத்துக்கான சிறு உருண்டைகள் சீக்கிரம் ஊறும்.

இதில் பலர் சறுக்கும் இடம், ஊறிய பிறகு அளப்பது. தண்ணீர் குடித்து உணவு உப்பிவிடும். "கிண்ணம் நிறையச் சாப்பிட்டான்" என்று தோன்றும், பார்த்தால் கிண்ணத்தில் பாதி தண்ணீர். ஊறவைக்கும் முன்பே அளந்துகொள்ள வேண்டும்.

டின், பவுச்சில் வரும் ஈர உணவு வாங்குபவர்கள் அதன் வகையைக் கவனிக்க வேண்டும். வெண்ணெய் போல ஒரே பதத்தில் அரைத்தது பல் இல்லாத வாய்க்கு மிகச் சுலபம். குழம்பில் துண்டுகள் மிதக்கும் வகையைச் சில நாய்கள் சாற்றை மட்டும் நக்கிவிட்டுத் துண்டுகளை விட்டுவிடும். சில நாய்கள் துண்டுகளை அப்படியே விழுங்கி, கொஞ்ச நேரத்தில் முழுசாக வாந்தி எடுக்கும். முள்கரண்டியால் மசித்துக் கொடுத்தால் தீர்ந்தது. பாக்கெட்டில் 'முழுமையான உணவு' என்று போட்டிருக்கிறதா, 'துணை உணவு' என்று போட்டிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். துணை உணவை மட்டுமே தினமும் கொடுத்தால் சத்துக் குறைபாடு வரும்.

அதற்காகக் கஞ்சித் தண்ணீர் மாதிரி ஆக்கிவிடவும் கூடாது. மிகவும் நீர்த்த உணவைக் குடிக்கும்போது வயதான நாய்க்குப் புரையேறலாம். பொமேரியன்களுக்கு மூச்சுக்குழாய் தளர்ந்துபோகும் நோய் சகஜம், வாத்து கத்துவது போல வறட்டு இருமல் வரும். அப்படிப்பட்ட நாய்க்குப் பதம் இன்னும் முக்கியம். கரண்டியைச் சாய்த்தால் சொட்டாமல், மெதுவாக நழுவி விழும் பதம் சரியாக இருக்கும். கெட்டியான பொங்கல் பதம் என்று வைத்துக்கொள்ளலாம்.

வீட்டுச் சாப்பாடு: பாலும் பிஸ்கட்டும் போதுமா?

போதாது. ஆனால் பல் போன நாய்க்கு நம் வீடுகளில் முதலில் வருவது அதுதான். பாலில் ஊறிய பிஸ்கட், தயிர் சாதம், கைக்குழந்தைக்கான கஞ்சி மாவு. மென்மையாக இருக்கிறது, விரும்பிச் சாப்பிடுகிறது, வயிறு நிறைகிறது. அன்பாகத்தான் கொடுக்கிறார்கள். எல்லாம் மாவும் சர்க்கரையும். வயதான நாய் ஏற்கெனவே தசையை இழந்துகொண்டிருக்கும். முதுகெலும்பும் இடுப்பெலும்பும் கையில் தட்டுப்பட ஆரம்பிக்கும். அந்த நேரத்தில் புரதத்தைக் குறைத்து மாவைக் கூட்டினால் தசை இன்னும் வேகமாகக் கரையும். "வயசான நாய்க்குப் புரதம் ஆகாது" என்ற பேச்சு பரவலாக இருக்கிறது. சிறுநீரக நோய் உறுதியான நாய்க்கு மருத்துவர் கட்டுப்படுத்தச் சொல்லலாம். ஆரோக்கியமான வயதான நாய்க்கு நல்ல தரமான புரதம் தேவை, குறைக்கக் காரணம் இல்லை.

கணக்கைப் பார்த்தால் தெளிவாகும். போனை எடுத்து கால்குலேட்டரைத் திறந்துகொள்ளுங்கள். நாயின் எடையை மூன்று முறை பெருக்கி, வர்க்கமூல பட்டனை இரண்டு முறை தட்டி, 70 ஆல் பெருக்க வேண்டும். 5 கிலோ நாய் என்றால் 5 பெருக்கல் 5 பெருக்கல் 5, அதாவது 125. இரண்டு முறை வர்க்கமூலம் எடுத்தால் 3.34. அதை 70 ஆல் பெருக்கினால் சுமார் 234. இது சும்மா படுத்திருக்கவே உடம்புக்குத் தேவைப்படும் கிலோ கலோரி. வீட்டுக்குள் நடமாடும் வயதான நாய்க்கு இதைப்போல 1.2 முதல் 1.4 மடங்கு, அதாவது நாளைக்கு சுமார் 280 முதல் 330 கலோரி தேவை. 4 கிலோ நாய்க்கு இதே கணக்கில் 240 முதல் 280 வரும்.

ஒரு மேரி பிஸ்கட் தோராயமாக 25 கலோரி. காலையில் இரண்டு, சாயங்காலம் இரண்டு கொடுத்தால் 100. 5 கிலோ நாயின் ஒரு நாள் கணக்கில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கை, பெரிதாகச் சத்தே இல்லாத நாலு பிஸ்கட் பிடித்துக்கொண்டது. சின்ன உடம்புக்குள் இடம் குறைவு. அதில் எதைப் போடுகிறோம் என்பதுதான் விஷயம்.

அதே 5 கிலோ நாய்க்குத் தோலும் எலும்பும் இல்லாமல் வேகவைத்த 100 கிராம் கோழி நெஞ்சுக்கறி சுமார் 165 கலோரி. குழைய வேகவைத்த 100 கிராம் சாதம் சுமார் 130. இரண்டும் சேர்ந்தால் ஒரு நாள் தேவை கிட்டத்தட்ட முடிந்தது. கூட ஒரு கரண்டி வேகவைத்த பரங்கிக்காயோ கேரட்டோ. கறி வேகவைத்த தண்ணீரையே ஊற்றி மிக்ஸியில் இரண்டு சுற்று சுற்றினால் பதம் வந்துவிடும். ஒரு நாள் கோழிக்குப் பதில் முட்டை, ஒரு முட்டை சுமார் 75 கலோரி. இன்னொரு நாள் முள்ளை முழுசாக எடுத்த மீன். மத்தி மாதிரி சின்ன முள் மீன்களில் கை வைத்துத் தேடித்தான் கொடுக்க வேண்டும். ஆட்டு ஈரல் நாய்களுக்குப் பிடிக்கும், ஆனால் தினமும் கொடுத்தால் வைட்டமின் ஏ அளவுக்கு மீறிச் சேரும். எப்போதாவது ஒரு சின்னத் துண்டு போதும்.

இந்தச் சாப்பாட்டிலும் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது: கால்சியம். எலும்பு இல்லாத கறியில் பாஸ்பரஸ் அதிகம், கால்சியம் மிகக் குறைவு. மாதக்கணக்கில் இதையே கொடுத்தால் உடம்பு தன் கால்சியத் தேவையை எலும்பிலிருந்து எடுக்கும். அதிலும் தாடை எலும்பு சீக்கிரம் பாதிக்கப்படும். ஏற்கெனவே ஈறு நோயால் அரித்துப்போன தாடை அது. ஆகவே வீட்டுச் சாப்பாடு நிரந்தரம் என்று முடிவு செய்தால் கால்சியமும் வைட்டமின்களும் எவ்வளவு சேர்க்க வேண்டும் என்று மருத்துவரிடம் கிராம் கணக்கில் கேட்டு வாங்க வேண்டும். "ஒரு ஸ்பூன் போடுங்க" என்று பக்கத்து வீட்டில் சொல்வது போதாது. சிறுநீரகம் பழுதான நாய்க்கு அந்தக் கணக்கே வேறு. கைக்குச் சுலபமான நடுவழி ஒன்று உண்டு: ஊறவைத்த முழுமையான உலர் உணவு பெரும்பகுதி, மேலே இரண்டு ஸ்பூன் மசித்த கோழியோ முட்டையோ. சத்துக்கும் ருசிக்கும் இரண்டுக்கும் ஆயிற்று.

அசைவம் சமைக்காத வீடுகளில் முட்டை, பனீர், நன்றாகக் குழைந்த பருப்பு உதவும். ஆனால் அதை மட்டும் நம்பி முழுச் சத்தைக் கொடுப்பது கடினம். சைவ வகை முழுமையான நாய் உணவும் கடைகளில் கிடைக்கிறது, அதை ஊறவைத்துக் கொடுப்பது பாதுகாப்பு.

நம் சமையலில் இருக்கும் ஆபத்து

வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். சமைத்தாலும் அந்தக் குணம் போகாது. பொடியாக இருந்தாலும் போகாது. சாம்பார் சாதம், குழம்பில் பிசைந்த சோறு, பிரியாணியிலிருந்து எடுத்துக் கழுவிய கறி எல்லாவற்றிலும் அது இருக்கிறது. 40 கிலோ நாய் தாங்கும் அளவை 4 கிலோ நாய் தாங்காது. கறியை நாய்க்காகத் தனியாக, வெறும் தண்ணீரில், உப்பும் மஞ்சளும் இல்லாமல் வேகவைத்து எடுத்துவிட்டுப் பிறகு வீட்டுக்குத் தாளிப்பது சுலபமான பழக்கம். கடையில் விற்கும் சூப் பொடி, கட்டிகளில் வெங்காயமும் உப்பும் பெரும்பாலும் இருக்கும்.

திராட்சை, உலர் திராட்சை சிறுநீரகத்தைச் செயலிழக்க வைக்கலாம். பாயசத்தில் விழுந்த உலர் திராட்சையும் கணக்குதான். சாக்லேட் கூடாது. சர்க்கரை இல்லாத மிட்டாய், சூயிங்கம் ஆகியவற்றில் இனிப்புக்காகச் சேர்க்கும் சைலிட்டால் நாயின் ரத்தச் சர்க்கரையைத் திடீரென வீழ்த்தும், சிறிதளவே ஆபத்து.

எலும்பு பற்றி ஒரு வார்த்தை. பல் இருக்கும் நாய்க்கே சமைத்த எலும்பு கூடாது, அது சில்லுச் சில்லாக உடையும். பல் இல்லாத நாய் அதை உடைக்க முடியாமல் முழுசாக விழுங்கப் பார்க்கும். "பாவம், சப்பிட்டுப் போகட்டும்" என்று போடும் கோழிக்கால் எலும்பு தொண்டையில் நின்றுகொண்டால் அது அவசர சிகிச்சை. சப்பாத்தித் துண்டு, பிரெட் உருண்டை போன்றவையும் எச்சிலில் களிபோல ஒட்டி அடைத்துக்கொள்ளும்.

சூடு, தட்டு, நேரம்

வயதான நாய்க்கு மோப்ப சக்தி மங்கும். வாசனை வராத சாப்பாடு நாய்க்குச் சாப்பாடே இல்லை. ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து நேராக வைத்தால் தொடாது. நாயின் உடல் வெப்பம் 38 முதல் 39 டிகிரி செல்சியஸ். அதே அளவு வெதுவெதுப்பில் கொடுத்தால் வாசனை எழும். மைக்ரோவேவில் சூடாக்கினால் நன்றாகக் கலக்கி, விரல் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் வைக்க வேண்டும். சில இடங்களில் மட்டும் கொதித்திருக்கும், புண்பட்ட ஈறு அதைத் தாங்காது.

ஆழமான கிண்ணம் வேண்டாம். நாக்கால் வாரும் நாய் உணவை விளிம்புக்குத் தள்ளிக்கொண்டே போகும். குட்டை விளிம்பு வைத்த தட்டையான தட்டு சரி. நீண்ட மூக்குள்ள ஸ்பிட்ஸும் டாக்ஸ்ஹண்டும் அப்படியும் திணறினால் பட்டாணி அளவு உருண்டைகளாக உருட்டி வைக்கலாம். தப்பையான முகம் கொண்ட பக்குக்குத் தட்டில் தடவிப் பரப்பி வைப்பது எளிது. கழுத்து, முட்டி வலி இருக்கும் நாய்க்குத் தட்டை நாலைந்து அங்குலம் உயர்த்தி வைத்தால் நிம்மதியாகச் சாப்பிடும். டைல்ஸ் தரையில் கால் வழுக்கும், தட்டும் வழுக்கும். கீழே ஈரத்துணியோ பழைய சாக்கோ போட்டால் இரண்டு தொல்லையும் தீரும். இதைச் செய்ததும் "பசி திரும்பி வந்துடுச்சு" என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். பசி எங்கேயும் போகவில்லை, கால்தான் வழுக்கியது.

ஒரே வேளையில் முழு அளவையும் வைக்காமல் மூன்று நான்கு வேளையாகப் பிரிப்பது நல்லது. சின்ன நாய்களுக்கு இரவு நெடுநேரம் வயிறு காலியாக இருந்தால் காலையில் மஞ்சள் நுரையாக வாந்தி வரும். படுக்கும் முன் ஒரு சின்ன வேளை அதைத் தடுக்கும். புதிய உணவுக்கு 7 முதல் 10 நாட்களில் கொஞ்சம் கொஞ்சமாக மாறலாம்.

நம் ஊர் வெயிலில் ஈர உணவு சீக்கிரம் கெடும். அரை மணி நேரத்தில் சாப்பிடாததை எடுத்துவிட வேண்டும். அரைத்த உணவு ஃபிரிட்ஜில் இரண்டு மூன்று நாள் தாங்கும். மொத்தமாக அரைப்பவர்கள் ஐஸ் தட்டில் ஊற்றி உறைய வைத்து, தேவைக்கு இரண்டு மூன்று கட்டிகளாக எடுத்துக்கொள்ளலாம். சாப்பிட்ட பிறகு வாய் ஓரமும் தாடி முடியும் ஈரத்துணியால் துடைக்க வேண்டும். இல்லாவிட்டால் அங்கே புண் வரும்.

மிச்சமிருக்கும் நாலு பல்?

அந்த நாலையும் காப்பாற்றத்தான் வேண்டும். நாய்களுக்கான பற்பசையில் மென்மையான பிரஷ், அல்லது விரலில் சுற்றிய காஸ் துணி. நம் பற்பசை கூடாது, நாய் துப்பாது, விழுங்கும். உலர் உணவைக் கடிப்பதால் பல் தானாகச் சுத்தமாகும் என்பதை நம்பிப் புண்பட்ட வாய்க்குக் கடினமான உணவைக் கொடுக்க வேண்டாம். சாதாரண உலர் உணவு பல்லின் நுனி பட்டதுமே நொறுங்கிவிடும், ஈறோரம் தொடுவதே இல்லை. கடித்துச் சுத்தம் செய்யும் குச்சிகளையும் நாலு பல் நாய் துண்டாக விழுங்கிவிடும்.

எல்லாமே பல்லால் வருவதில்லை

மென்மையாக, வெதுவெதுப்பாக, பிடித்த கறியோடு கொடுத்தும் சாப்பிடவில்லை என்றால் காரணம் வாயைத் தாண்டி இருக்கலாம். சிறுநீரக நோய், இதய நோய், கணைய அழற்சி, வாய்க்குள் வளரும் கட்டி எல்லாம் இந்த வயதில் வருபவை. ஈர உணவுக்கு மாறிய நாய் கிண்ணத்துத் தண்ணீரைக் குறைவாகக் குடிப்பது இயல்பு, உணவிலேயே தண்ணீர் போகிறது. அதற்கு நேர்மாறாக, ஈர உணவும் சாப்பிட்டு, தண்ணீரும் முன்பைவிட அதிகமாகக் குடித்தால் சிறுநீரகம், சர்க்கரை இரண்டையும் பரிசோதிக்க வேண்டும். சின்ன வயதான நாய் 24 மணி நேரம் எதுவுமே சாப்பிடாவிட்டால் நாளைக்குப் பார்க்கலாம் என்று விடக்கூடாது. சிரிஞ்சில் வலுக்கட்டாயமாக வாய்க்குள் அடிப்பதும் ஆபத்து, நுரையீரலுக்குள் போய்விடும். அந்த நிலையில் மருத்துவமனைதான்.

சாப்பாடு சரியாகப் போகிறதா என்று சொல்வது காலித் தட்டு இல்லை, எடைதான். 60 கிலோ மனிதர் ஒரு கிலோ குறைந்தால் யாருக்கும் தெரியாது. 5 கிலோ நாய் அரை கிலோ குறைந்தால் உடம்பில் பத்தில் ஒரு பங்கு போய்விட்டது, அதுவும் புசுபுசு முடிக்கு அடியில் கண்ணுக்கே தெரியாமல். நாயைத் தூக்கிக்கொண்டு ஏறி நின்று கழித்துப் பார்க்கும் எடை மெஷினில் இந்த 200, 300 கிராம் வித்தியாசம் சரியாக வராது. மருத்துவமனையில் குழந்தைகளை எடை போடுவது போன்ற டிஜிட்டல் தராசு வீட்டில் இருந்தால் நல்லது. இல்லையென்றால் மாதம் ஒரு முறை கால்நடை மருத்துவமனைத் தராசில் நிறுத்தி, தேதியோடு போனில் குறித்து வைத்துக்கொள்ளலாம். இரண்டு மாதம் தொடர்ந்து குறைந்தால் அந்தக் குறிப்பை அப்படியே மருத்துவரிடம் காட்டலாம். "கொஞ்சம் இளைச்ச மாதிரி இருக்கு" என்பதைவிட அந்த இரண்டு எண்கள் அவருக்கு அதிகம் சொல்லும்.